ஒரு சாண் வரப்பு

விவசாயி மண்ணைத் தாயாக நினைக்கிறான் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். நான் விவசாயிகளோடு குடித்தனம் செய்தவள். எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துக்கு மேற்கே ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டேன். தாம்பரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, அப்புறம் ஏரிக்கரை மேல் நடந்தால்தான் ஊர் வரும். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டு அடுத்தடுத்த வயலில் பயிர் வைத்துவந்தார்கள். மூத்தாருடைய வயல் மேட்டில் இருந்தது. எங்களுடையது ஒரு படி கீழே. கிணறு எங்கள் பாகத்தில் விழுந்திருந்தது. இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு. என் கசப்பில் பாதி அந்த வரப்பில் விளைந்ததுதான்.

வரப்பு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் செதுக்குவார்கள். புல்லும் எலி வளையும் ஒழியட்டும் என்று செய்வது. இதற்கு அண்டை வெட்டுவது என்று பெயர். வெட்டிய பிறகு வயலிலிருந்து சேற்றை அள்ளி, வெட்டிய அளவுக்குத் திரும்ப அப்பிப் பூச வேண்டும். அப்போதுதான் வரப்பு பழைய கனத்தில் நிற்கும், வயலில் தண்ணீரும் நிற்கும். எங்கள் ஊரில் வெட்டுவதை எல்லோரும் ஒழுங்காகச் செய்தார்கள். பூசுவதை மட்டும் மறந்துவிடுவார்கள். மறதி என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வரப்பு குறைந்தால் தன் வயல் அகலமாகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு விரற்கடை. பக்கத்து வயல்காரன் அசந்திருந்தால் இரண்டு. அவனும் அவன் பக்கத்தில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பான்.

நான் வந்த புதிதில் அந்த வரப்பின் மேல் கூடையோடு போகும்போது எதிரில் மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, வந்தால், இரண்டு பேரும் தாராளமாக ஒதுங்கிப் போகலாம். சில வருஷத்தில் ஒருத்தி வயலுக்குள் இறங்கித்தான் மற்றவளுக்கு வழிவிட வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு காலுக்கு முன்னால் ஒரு காலை வைத்து, கழைக்கூத்தாடியைப் போல நடந்தோம். அண்ணன் தம்பிக்குள் இதைப் பற்றிச் சண்டை வந்ததே இல்லை. சண்டை போட்டால் நிறுத்த வேண்டியிருக்குமே. ஒருவர் வெட்டுவது மற்றவருக்குத் தெரியும். தெரியாதது போல ஆளுக்கொரு பக்கம் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதில் உனக்கு என்ன வந்தது என்றால், என் கீரை இருந்தது. தை மாதம் அறுப்பு முடிந்ததும் கிணற்றை ஒட்டிய துண்டில் நான் பாத்தி கட்டி அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை போடுவேன். அந்த மண் பிறவியிலேயே களி. கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும். மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஏரி வற்றியதும் வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினேன். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், மக்கிய வைக்கோல், எது கிடைத்தாலும் அதில்தான் போட்டேன். வருஷக்கணக்கில் செய்த பிறகு அந்தத் துண்டில் மட்டும் மண் கறுத்து, பொலபொலவென்று ஆனது. பிடித்தால் உருண்டை நிற்கும், விட்டால் உதிரும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோவேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கும் எனக்கு ஒரு ரவிக்கைத் துணிக்கும் யாரிடமும் கை நீட்டாமல் இருந்தேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்தத் துண்டு மண்ணும் அந்தக் கிணறும்தான்.

அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் கவனித்து வைத்திருந்தேன். ஐப்பசி கார்த்திகையில் மேட்டு வயலில் எத்தனை நாள் தண்ணீர் தேங்கி நிற்கிறதோ, அதைப் பொறுத்து எங்கள் கிணற்றில் சித்திரை வரைக்கும் ஊற்று இருக்கும். நான் இதைக் கவனித்தது எனக்கு நல்லதாகத்தான் இருந்தது. கெடுதல் என்னவென்றால், மூத்தாரும் கவனித்துவிட்டார்.

ஒரு நாள் களத்தில் நெல் தூற்றும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். “இன்னாடா, என் நெலத்துல வுழுவுற மழையில உன் பொண்டாட்டி கீர வெளைய வெச்சிக்கினு கீறாளாமே?”

விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் தன் வயலின் மேற்குக் கரையில் மடை வெட்டி, வயலில் விழுந்த தண்ணீரை எல்லாம் ரோட்டோரக் கால்வாயில் இறக்கிவிட்டார். ஒரு பயிருக்கும் உதவாமல் அது ஓடிப்போனது. அவருடைய நெல்லே பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் வாடிவிட்டது. அதற்கு அவர் வருத்தப்படவில்லை. எங்கள் கிணற்றில் மாசி மாதமே படிக்கட்டின் கடைசிப் படி தெரிந்தது என்று கேட்டபோது அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் நேரில் பார்த்தேன். வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

அதற்கடுத்த வருஷம் மண் பாதுகாப்பு வேலைக்கென்று அரசாங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். கையில் அச்சடித்த காகிதம், காலில் புது ஷூ. அவரும் பெரிய ஞானி இல்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் படித்தார். ஆனால் காகிதத்தில் இருந்தது சரியாக இருந்தது.

“வரப்பை ஒரு முழம் உசத்தி, நல்லா அகலமா போட்டுக்கோங்க. மேலே புல்லு நட்டுடுங்க. மழைத் தண்ணி வயல்லயே இறங்கும், மண்ணும் அடிச்சுட்டுப் போகாது. செலவுல பாதி கவர்மென்ட் தரும்” என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மோர் கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். “நல்ல ஸ்கீமு சார். தாராளமா போடுங்க. அகலத்துக்கு எடம் மட்டும் தம்பி பக்கத்துல எடுத்துக்கங்க.”

என் வீட்டுக்காரர் விடுவாரா? “தண்ணி நிக்கப் போறது மேல சார். அப்ப எடம் அவுரு பக்கத்துலதான போவணும்? நியாயம்னு ஒண்ணு கீதுல்ல?”

வந்தவர் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஆளுக்குப் பாதி கொடுக்கலாமே என்றார். இரண்டு பேரும் ஒரே குரலில், “அது எப்படி சார்?” என்றார்கள். அண்ணன் தம்பி ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். ஊரில் மற்றவர்களிடமும் கதை இதுதான். வரப்பு போட எல்லோருக்கும் சம்மதம், அடுத்தவன் நிலத்தில் போடுவதாக இருந்தால். வந்தவர் வரப்போரம் நடுவதற்கு மரக்கன்றுகளை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். இலவசம் என்பதால் அதை மட்டும் முண்டியடித்து வாங்கினார்கள். ஆட்டுக்குப் போட்டார்கள்.

ஆம்பிளைகளை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று நான் ஓரகத்தியிடம் போனேன். அவள் பொல்லாதவள் இல்லை. எங்கள் பக்கத்தில் வரப்பில் விளைகிற பயறு வீட்டுப் பெண்களைச் சேர்ந்தது என்று ஒரு வழக்கம். அதை ஆண்கள் தொட மாட்டார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, “அக்கா, துவரை போட்டுடலாம். செடி நின்னா வெட்ட மாட்டாங்க” என்று நான் சொல்ல, “ஆமா, வேரும் மண்ணைப் புடிச்சிக்கும்” என்று அவள் சொல்ல, ஒரு நாள் காலையிலேயே போய்ச் சேற்றை அள்ளி இரண்டு பக்கமும் அப்பி, உச்சியில் துவரை ஊன்றினோம். முளைத்து, இடுப்பு உயரம் வளர்ந்து, பூவும் வைத்தது. அந்த ஒரு நடவுக்கு யாரும் அண்டை வெட்டவில்லை. மண்வெட்டியோடு வந்தவர்கள் செடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் களத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டோம்.

துவரைக்கு என்ன தெரியும்? வெயில் இருக்கிற பக்கம் சாய்ந்தது. எங்கள் வயல் பக்கம்தான் வெயில். காய் முக்கால்வாசி எங்கள் பக்கம் தொங்கியது. மூத்தார் வரப்பருகில் நின்று அதைப் பார்த்தார். மறுநாள் போனால் துவரை முழுவதையும் வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தார். பிடுங்கிய இடமெல்லாம் வரப்பு பொத்தல் பொத்தலாக இருந்தது. ஓரகத்தி ஓவென்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மண்வெட்டியால் யார் மண்டையையாவது பிளக்கலாமா என்றிருந்தது. என் வீட்டுக்காரர் அண்ணனைத் தட்டிக்கேட்பார் என்று பார்த்தேன். அவர் செடி போன சந்தோஷத்தில் அன்று மத்தியானமே தன் பக்கத்து அண்டையை வெட்டப் போய்விட்டார். வரப்பு ஒரு சாணுக்கு வந்தது.

அடுத்த கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து நிலங்களை மனையாக்கி, அந்த ரோட்டோரக் கால்வாயைத் தூர்த்திருந்தார்கள். மூத்தார் மடையைத் திறந்துவிட்டுத்தான் இருந்தார், தண்ணீர் போவதற்குத்தான் இடமில்லை. மேட்டு வயல் முழுக்கத் தேங்கி, வரப்பின் மேல் வந்து சாய்ந்தது. காலையில் நான் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவள், என் கண் முன்னாலேயே வரப்பு நடுவில் வாய் பிளந்ததைப் பார்த்தேன். சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர் கலங்கலாக, மேட்டு வயலின் மேல்மண்ணையும் பயிரையும் அடித்துக்கொண்டு எங்கள் வயலில் இறங்கியது. கீரைத் துண்டு மூழ்கியது. கிணற்றுக்குள் சேறு விழுந்துகொண்டே இருந்தது. நான் கத்திக் கூப்பிட்டு, இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். உடைப்பில் வைத்து அடைக்க மண் வேண்டும். வரப்பில் மண் எங்கே இருக்கிறது?

மழை விட்ட பிறகு மூத்தாரின் வயல் எலும்பு தெரிகிற மாடு போலக் கிடந்தது. கீழே இருந்த கூழாங்கல்லும் சுண்ணாம்புக் கட்டியும் வெளியே வந்துவிட்டன. நான் உள்ளுக்குள், இனிமேலாவது புத்தி வரும் என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கூடையும் ஆளுமாக எங்கள் வயலுக்கு வந்து நின்றார்.

“என் மண்ணு உன் நெலத்துல கீது. எடுத்துக்கினு போறேன்” என்றார்.

“உங்க மண்ணு வந்துதான் மாமா என் கெணறு தூந்து போச்சு. மொதல்ல கெணத்துல கீற மண்ண எடுங்க” என்றேன்.

“அது சேறு. அது எனுக்கு இன்னாத்துக்கு?” என்றார்.

பஞ்சாயத்து கூடியது. பெரிய மனிதர்கள் வெகு நேரம் யோசித்து, வந்த மண் எவ்வளவோ அவ்வளவை எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு சொன்னார்கள். எது வந்த மண், எது இருந்த மண் என்று யார் பிரிப்பது? வரப்பைத் திரும்பக் கனமாகப் போடச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவரவர் வயலிலும் அதே வரப்புதானே. மூத்தார் தன் மண்ணோடு என் வண்டலிலும் கொஞ்சத்தை வாரிக்கொண்டு போனார். உடைப்பை அடைத்தார்கள், அதுவும் பழைய ஒரு சாண் கனத்துக்குத்தான். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்றது. நான் ஆள் வைத்துக் கிணற்றைத் தூர் வாரினேன். மறுபடியும் கோடைக்குக் கோடை வண்டல் சுமந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு சில வருஷத்தில் அந்தத் துண்டைப் பழையபடி ஆக்கினேன்.

தொண்ணூறுகள் வந்தன. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் வீடு கட்ட இடம் தேடி எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டார்கள். திருமுடிவாக்கம் பக்கம் பட்டறைகள் வந்ததும் வயல் வேலைக்கு ஆள் கிடைப்பது நின்றது. சுற்றிலும் வெள்ளைக் கல், கலர் கொடி. ஒரு நாள் சாயங்காலம் சந்தையிலிருந்து வருகிறேன், என் வீட்டுக்காரர் டி.வி.எஸ். வண்டியில் எதிரே வருகிறார். பின்னால் உட்கார்ந்திருந்தது மூத்தார். தம்பி தோளில் கை வைத்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறார். பண்டிகைக்கும் சாவுக்கும் முகம் பார்க்காதவர்கள். மனை போடுகிறவரிடம் நிலத்தைச் சேர்த்துக் கொடுப்பதற்குப் பேசி முடித்துவிட்டு வந்தார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் விலை படியாதாம், சேர்த்துத்தான் கொடுக்க வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிலத்தை அளக்க சர்வேயர் சங்கிலியோடு வந்தார். அந்தக் காலத்து எல்லைக் கல் எங்கே என்று தேடினார்கள். வரப்புக்குள்தான் புதைந்திருந்தது. சரியாக நடுவில். கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரப்பு ஒரே அளவாக மிச்சமிருந்தது. நாடா பிடித்துப் பார்த்ததில், எங்களுக்கும் ஒரு விரல் கூடவில்லை, அவர்களுக்கும் ஒரு விரல் கூடவில்லை. பாகப் பத்திரத்தில் இருந்ததுதான் இருந்தது. அத்தனை வருஷம் இரண்டு பேரும் வெட்டியதில் குறைந்தது வரப்பு மட்டும்.

மூத்தார் கல்லைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “அட, நீயும் வெட்டிக்கினுதான் இருந்தியாடா!” என்று தம்பி முதுகில் தட்டினார். என் வீட்டுக்காரரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். சர்வேயரும் சிரித்தார். உடைப்பில் போன என் கீரைத் துண்டும், மாசியிலேயே வற்றின என் கிணறும் அவர்களுக்கு அவ்வளவு வேடிக்கையாகப் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கிணறு இருந்தால் மனை போகாது, மூடிக் கொடுத்துவிடுங்கள் என்று மனைக்காரர் சொல்லிவிட்டார். மூடுவதற்கு லாரி மண் வாங்குவானேன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேருமே மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் கிணற்றடியில் போய் நின்றேன். வேண்டாம் என்று சொன்னேன். அழுதும் பார்த்தேன். குடிக்கவாவது ஒரு கிணறு வேண்டாமா என்றேன். “போர் போட்டுக்கலாம்மே, இன்னும் எந்தக் காலத்துல கீற நீ?” என்றார் என் வீட்டுக்காரர்.

முதலில் வயலின் களியை வெட்டினார்கள். காய்ந்து பாறையாக இருந்தது, வெட்டு விழவில்லை. அப்படியே நகர்ந்து என் கீரைத் துண்டுக்கு வந்தார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு கூடை நிறைந்தது.

“இங்க மண்ணு லேசா வருது அண்ணா, இப்பிடி வா” என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் இன்றுவரைக்கும் பொறுக்க முடியாதது. நான் தலையில் சுமந்து, சாணமும் சாம்பலும் போட்டு ஆக்கின மண், லேசாக இருந்ததாலேயே என் கிணற்றுக்குள் போனது. தோளோடு தோள் நின்று கொட்டினார்கள். அது போதாமல் கடைசியில் அந்த ஒரு சாண் வரப்பையும் வெட்டிப் போட்டு மேலே சமன் செய்தார்கள். வரப்பு மண்ணைப் பூசுவதற்கு ஒரு நாளும் குனியாதவர்கள், அன்றைக்குக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள்.

விலை பேசும்போதே ஆளுக்கு ஒரு மனையைத் தங்களுக்கென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கிணறு மூடின மனையை வெளியாள் வாங்க மாட்டான் என்பதால் அது எங்கள் தலையில் விழுந்தது. மூத்தாருக்கு ஒட்டினாற்போல அடுத்த மனை. முன்பக்கம் நாங்கள் வீடு கட்டினோம். கிணறு இருந்த இடம் கொல்லையானது. போர் போட்டோம். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடையோடு தண்ணீர் கொஞ்ச நாள் வந்துவிட்டு நின்றுபோனது. மழைக்காலத்தில் அந்தப் பக்கத்து மேட்டுத் தண்ணீர் எல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் உள்ளே வரும். கோடையில் தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வரும். பிளாஸ்டிக் குடத்தோடு ஓரகத்தியும் நானும் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்போம். இரண்டு பேரும் அந்தக் கிணற்றைப் பற்றிப் பேச மாட்டோம்.

ஒவ்வொரு மழைக்கும் கொல்லையில் கிணறு இருந்த இடம் உள்வாங்கும். ஆரம்பத்தில் இடித்த செங்கலும் காரையும் போட்டு நிரப்பினார்கள். அப்புறம் அதுவும் கிடைக்கவில்லை.

ஒரு கோடை மழைக்கு மறுநாள் காலை. லாரிக்குப் போய், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வழியாக வந்தேன். இரண்டு மனைக்கும் நடுவில் நாங்கள் சமீபத்தில்தான் மதில் போட்டிருந்தோம். மதில் முடிகிற மூலையில் என் வீட்டுக்காரர் மண்வெட்டியோடு குனிந்திருந்தார். அண்ணன் மனையின் ஓரத்தைச் செதுக்கிக் கூடையில் வாரி, உள்வாங்கின இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “அவுங்க பக்கத்துலேர்ந்து கொஞ்சமாத்தான் எடுத்தேன். யாரும் பாக்கல.”

நான் மதிலின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் புதிதாக வெட்டின தடம் இருந்தது. எங்கள் மதிலை ஒட்டி, நீளத்துக்கும். மூத்தாரும் தம் வாசலை மேடாக்க அங்கிருந்துதான் மண் எடுத்திருக்கிறார். எங்கள் மதிலின் கடைக்கால் செங்கல் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தது. அடுத்த பெரிய மழைக்கு அது நிற்காது.

அவரிடம் அதைச் சொல்லவில்லை. குடத்தைத் தரையில் இறக்கி வைத்தேன்.

“மண்ணு லேசா வருதா?” என்று கேட்டேன்.

“நல்லா வருது” என்றார், நிமிராமல்.